தோள்பட்டைக்குப் பருக் களிம்பு

1893 மார்ச் மாதம். பாரிஸ் நகரில் ரொட்டி சுட்டுப் பிழைத்துவந்த 37 வயதுக்காரர் ஒருவரின் தோள் மூட்டைக் காசநோய் அரித்துத் தின்றுகொண்டிருந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர் ழூல்-எமில் பேயான். நாளெல்லாம் மாவு பிசைகிறவருக்குக் கை போனால் மிச்சம் என்ன? அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் பேயான் ஒரு பல் மருத்துவரின் உதவியை நாடினார். பிளாட்டினக் குழாயில் ஒரு தண்டு, பாரஃபினில் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய ரப்பரில் ஒரு உருண்டை. அழுகிய எலும்பை அகற்றிவிட்டு இதை உள்ளே பொருத்தினார். தோள்பட்டையில் வைத்த முதல் செயற்கை மூட்டு என்று மருத்துவ வரலாறு இதைத்தான் சொல்கிறது.

கை ஓரளவு நன்றாகவே வேலை செய்ததாம். ஆனால் புண் ஆறவில்லை; சீழ் திரும்பத் திரும்ப வந்தது. ஏறக்குறைய 2 ஆண்டுகள் கழித்துப் பொருத்தியதையெல்லாம் பேயானே கழற்றி எடுக்கவேண்டியதாயிற்று.

பிளாட்டினமும் ரப்பரும் போய், இன்று டைட்டானியமும் கோபால்ட்-குரோமியமும் பாலிஎத்திலீனும் வந்துவிட்டன. ஆபரேஷன் தியேட்டருக்குள் வரும் காற்றைக்கூட வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள். முதல்முறை தோள் மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் தொற்று வருவது நூற்றுக்கு ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக. பேயானின் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஒருவருடைய கதை விசித்திரமானது.

அவருக்குக் காய்ச்சல் இருக்காது. தையல் போட்ட இடம் சிவக்காது, வீங்காது, சீழும் வடியாது. ஆபரேஷன் முடிந்து ஓராண்டோ இரண்டாண்டோ ஆனபின் தோள் லேசாக வலிக்கத் தொடங்கும். கையைத் தூக்கினால் ஒரு இறுக்கம். ரத்தப் பரிசோதனையில் தொற்றைக் காட்டும் அளவுகள் எல்லாம் இயல்பாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் மூட்டின் தண்டு கொஞ்சம் ஆட்டம் கண்டது போலத் தெரியலாம். ‘பிசியோதெரபி சரியாகச் செய்யவில்லையோ’ என்று நோயாளியின் மேலேயே சந்தேகம் திரும்பும்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள், இப்படி வலி, இறுக்கம், ஆட்டம் என்று வந்து மறு ஆபரேஷன் செய்துகொண்ட 193 தோள்களின் கணக்கை 2012இல் வெளியிட்டார்கள். அவற்றில் 108 தோள்களிலிருந்து எடுத்த திசுவில் கிருமி வளர்ந்தது. அந்த 108இல் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் இருந்தது ஒரே இனக் கிருமி. வெளியிலிருந்து வந்தது அல்ல, மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டதும் அல்ல. பதின்பருவத்தில் முகத்தில் பரு வந்தபோது நாம் எல்லோரும் அறிமுகமான கிருமிதான்.

அதன் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். படிக்கிறவருக்குப் பள்ளிக்கூடத்து ஆக்னஸ் டீச்சர் ஞாபகத்துக்கு வந்தால் குற்றமில்லை. ஆனால் பருவைக் குறிக்கும் ‘ஆக்னே’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. 2016 வரை புரோபியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று அழைத்தார்கள். கொழுப்பைத் தின்று புரோபியோனிக் அமிலத்தைக் கழிப்பதால் அந்தப் பழைய பெயர். பிறகு குடும்பத்தைப் பிரித்தபோது, தோலில் குடியிருப்பது என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். பழைய பெயரும் இன்னும் மருத்துவர்களின் வாயில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கிருமி எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல் எல்லாம். தோலில் மயிர் முளைக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு குறுகிய கிணறு. வாய் வெளியே, அடி தோலின் உள்ளடுக்கில். கிணற்றின் பக்கவாட்டில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சுரக்கும் கொழுப்பு கிணற்றுக்குள் இறங்கி, மயிரோடு மேலேறி, தோலின் மேல் படர்கிறது. காலையில் எழுந்ததும் மூக்கின் ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு அதுதான். ஆக்ஸிஜன் அதிகம் இருந்தால் ஆக்னஸுக்குப் பிடிக்காது. ஆழமான, எண்ணெய் நிறைந்த, காற்றோட்டமில்லாத அந்தக் கிணறு அதற்கு வீடும் சமையலறையும். சும்மா தின்றுவிட்டுப் போவதும் இல்லை. அது கழிக்கும் அமிலம் தோலைப் புளிப்பாக வைத்துக்கொண்டு, அதைவிட மோசமான கிருமிகள் சிலவற்றைத் தள்ளி நிறுத்துகிறது. வாடகை கொடுக்காவிட்டாலும் காவல் காக்கும் குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்ச் சுரப்பிகள் உடல் முழுக்க ஒரே அளவில் இல்லை. முகம், மார்பு, மேல்முதுகு, தோள் ஆகிய இடங்களில் நெருக்கம். முழங்காலில் குறைவு. அதனால்தான் முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் அவ்வளவாகத் தலைகாட்டாத இந்தக் கிருமி, தோளில் முதலிடம் பிடிக்கிறது. பெண்களைவிட ஆண்களின் தோளில் இது அதிகம். ஆண்களின் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுவதே அதற்கு முக்கியக் காரணம். வயதான பெண்மணியின் தோளைவிட, ஜிம்முக்குப் போகும் நாற்பது வயது ஆணின் தோளைத் திறக்கும்போது மருத்துவர் கூடுதலாக யோசிக்கிறார்.

தோலின் கிருமிகளைப் பற்றி முதலில் பொறுமையாகக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் ஃபிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். கிருமி நீக்கிய தண்ணீரைப் பல வட்டில்களில் வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொன்றிலும் கையைத் தேய்த்துக் கழுவி, எந்த வட்டிலில் எத்தனை கிருமி இறங்கியிருக்கிறது என்று எண்ணினார். வட்டில் ஏற ஏற எண்ணிக்கை இறங்கியது. ஆனால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் ஒழிந்தபாடில்லை. 1938இல் அவர் எழுதிய கட்டுரை தோல் கிருமிகளை இரண்டாகப் பிரித்தது: வந்து போகிறவை, நிரந்தரமாகக் குடியிருப்பவை. முதல் வகை சோப்புக்கே போய்விடும். இரண்டாவது வகை கிணற்றுக்குள் இருக்கிறது.

அறுவைக்கு முன் தோலைத் துடைக்கும் வழக்கமோ அதற்கும் முந்தையது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டுவந்தார். 1908இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ குரோசிச், வெட்டப்போகும் தோலில் டிங்சர் அயோடினைப் பூசினால் போதும் என்று காட்டினார். டிங்சர் பிறகு பொவிடோன் அயோடினாக மாறியது. ஊரில் எல்லோரும் பெடாடின் என்று சொல்லும் அந்தக் காப்பி நிற மருந்து. 1950களில் இங்கிலாந்தில் குளோர்ஹெக்சிடின் வந்தது. 2010இல் அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் 849 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைப் பயன்படுத்தியவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும், பொவிடோன் அயோடினைப் பயன்படுத்தியவர்களில் 16.1 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. பெரிய வித்தியாசம். ஆனால் அவை குடல் போன்ற கிருமி நிறைந்த உறுப்புகளைத் தொடும் அறுவைகள். தோளுக்கும் அதே தீர்ப்பு பொருந்துமா?

அதைச் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். தோள் ஆபரேஷனுக்கு வந்த 150 பேரை மூன்றாகப் பிரித்து, மூன்று வெவ்வேறு மருந்துகளால் தோலைத் துடைத்து, உடனே அந்தத் தோலை ஒற்றியெடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது: பொவிடோன் அயோடின் பூசியவர்களில் 31 விழுக்காட்டினரிடமும், அயோடினும் ஆல்கஹாலும் சேர்ந்த மருந்தைப் பூசியவர்களில் 19 விழுக்காட்டினரிடமும், குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் பூசியவர்களில் 7 விழுக்காட்டினரிடமும் கிருமி மிஞ்சியிருந்தது. குளோர்ஹெக்சிடினுக்குத் தெளிவான வெற்றி. ஆனால் அதே கட்டுரையில் ஒரு முள்ளும் இருந்தது. ஆக்னஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், மூன்று மருந்துகளுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஏன் என்பதைக் காட்ட, சியாட்டில் மருத்துவர்கள் 2014இல் எளிமையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஆரோக்கியமான 10 ஆண்கள். தோளைக் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலால் முறைப்படி துடைத்தார்கள். பிறகு 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால், குக்கீஸ் மாவில் அச்சு குத்துவது போல, தோலில் ஒரு சிறு துண்டைக் குத்தி எடுத்தார்கள். மேலே ஒற்றியெடுப்பதற்குப் பதிலாக, கிணற்றையே தோண்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 10 பேரில் 7 பேரின் துண்டில் ஆக்னஸ் வளர்ந்தது.

ஆக, வீட்டு வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, கிணற்றை எட்டிப் பார்க்காமல் விட்டது போலத்தான் இத்தனை நாள் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் யோசிக்கவேண்டும். தோளின் முன்பக்கம், நெஞ்சுத் தசைக்கும் தோள்தசைக்கும் நடுவில் கத்தி இறங்குகிறது. அந்த ஒரே கீறலில் நூற்றுக்கணக்கான கிணறுகள் குறுக்கே அறுபடும். உள்ளே இருந்த எண்ணெய் கத்தியின் அலகில், தோலைப் பிடித்திருக்கும் கிடுக்கியில், விரித்து வைக்கும் கொக்கியில், கையுறையின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதே விரல்தான் கொஞ்ச நேரத்தில் புதுமூட்டை எடுத்து உள்ளே வைக்கப்போகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் முதல்முறை மூட்டு மாற்றிக்கொண்ட 40 பேரிடம் இதை அடி அடியாகப் பின்தொடர்ந்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி, மூன்றில் ஒரு பங்கினரிடம் ஏதேனும் ஒரு மாதிரியிலாவது ஆக்னஸ் கிடைத்தது. அதிகம் கிடைத்தது அறுபட்ட தோலுக்கு அடியில். கிடுக்கியிலும் கையுறை நுனியிலும் இருந்தது. தோலை வெட்டிய கத்தியை அதோடு ஒதுக்கிவிட்டு உள்ளே வேறு கத்தியை எடுப்பது, மூட்டைத் தொடும் முன் கையுறையை மாற்றுவது என்ற பழக்கங்களுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே ஆதாரம்.

உலோகத்தின்மேல் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் ஆக்னஸ் அவசரப்படாது. பாசி படர்வது போலத் தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்துகொள்ளும். அந்தப் படலத்தைத் துளைக்க ஆன்டிபயாடிக்குக்கும் உடலின் வெள்ளணுக்களுக்கும் பெரும்பாடு. கீறலுக்கு முன்பு ஊசியில் போடும் செஃபசோலின் ரத்தத்தோடு பயணிக்கும் மருந்து. ரத்தம் எட்டாத கிணற்று எண்ணெய்க்குள் அது போதிய அளவில் போய்ச் சேருவது கடினம்.

வழக்கமான மருந்து எட்டாத அந்த இடத்துக்குப் போகக்கூடியது எது என்று தேடியவர்கள் கடைசியில் போய் நின்றது பதின்பருவத்துப் பிள்ளைகளின் மேசை இழுப்பறையில். பென்சாயில் பெராக்சைடு. ஒரு காலத்தில் கோதுமை மாவை வெளுப்பாக்கப் பயன்பட்ட வேதிப்பொருள். 1960களிலிருந்து பரு வைத்தியத்தில் தூண் போல நிற்கிறது. இது எண்ணெயில் கரையும் என்பதால் கிணற்றுக்குள் தானாகவே இறங்கும். இறங்கியபின் உடைந்து, வீரியமுள்ள ஆக்ஸிஜனை வெளிவிடும். காற்றில்லாத இடம் தேடிப் போய் உட்கார்ந்த கிருமிக்கு அங்கேயே காற்றை ஊட்டினால் என்ன ஆகும்? இன்னொரு நன்மை, ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகிக்கொண்டு தப்பிப்பது போல இதற்கு எதிராகக் கிருமிகள் பழகிக்கொண்டதாகக் காணப்படவில்லை. விலையும் மலிவு. இவ்வளவு சாதாரணமான மருந்தை எலும்பு மருத்துவர்கள் திரும்பிப் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது கொஞ்சம் வியப்புதான். தோல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஒரே கேன்டீனில் டீ குடித்தாலும் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

2015க்குப் பிறகு அமெரிக்கா, ஸ்வீடன், நெதர்லாந்து என்று பல இடங்களில் இதைச் சோதித்தார்கள். விவரங்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் செய்முறை பெரும்பாலும் ஒன்றுதான். 5 விழுக்காட்டுப் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் தோளைச் சுற்றிப் பூசிக்கொள்ளச் சொல்வார்கள். ஆபரேஷன் மேசையில் வழக்கமான துடைப்பு அப்படியே நடக்கும். ஜெல் பூசியவர்களின் தோலில் ஆக்னஸ் குறைவாகவே இருந்தது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் நடந்த ஆய்வு, சோப்பால் மட்டும் கழுவியவர்களோடு ஒப்பிட்டு, முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை இந்தக் குறைவு நீடிப்பதைக் காட்டியது. அது கவனிக்கவேண்டிய செய்தி. துடைத்தபின் ஆபரேஷன் நடக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிணற்றிலிருந்து கிருமிகள் மெல்ல மேலேறிவிடுவதுதானே பழைய தலைவலி.

ஆக்ஸிஜன் என்ற அதே உத்தியை வேறு வழியில் முயன்றவர்களும் உண்டு. புண்ணில் ஊற்றினால் நுரை பொங்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைத் துடைப்போடு சேர்த்தால் ஆக்னஸ் வளரும் மாதிரிகள் குறைவதாக யூட்டாவிலும் பிலடெல்பியாவிலும் கண்டார்கள். மேசையிலேயே வேலை முடிந்துவிடும் என்பதால், நோயாளி மறந்துவிடுவாரோ என்ற கவலை இல்லை.

இதற்கிடையே சில பழைய பழக்கங்கள் அடிபட்டும் போயின. ஆபரேஷன் என்றாலே முந்தின இரவு பிளேடால் மழமழவென்று சிரைத்துவிடுவது ஒரு சடங்கு போல இருந்தது. சிரைக்கும்போது தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் கிருமிகளுக்கு விருந்து வைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிளேடைத் தொடவே வேண்டாம், அவசியமானால் கிளிப்பர் மெஷினால் கத்தரித்தால் போதும் என்று உறுதியாகச் சொல்கிறது. அக்குள் முடியைக் கத்தரிப்பதால் ஆக்னஸ் குறைகிறதா என்று நார்த்வெஸ்டர்னில் ஒருபக்க அக்குளை மட்டும் கத்தரித்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் ஆக்னஸ் அளவில் வித்தியாசம் இல்லை. முடியை எடுத்தால் சுத்தம் என்பது நம் கண்ணுக்குத் தோன்றுவது. கிணறு முடிக்குக் கீழே இருக்கிறது.

ஆல்கஹால் கலந்த மருந்தைப் பூசியபின் காயவிடுவதும் இப்படிக் கவனிக்கப்படாத ஒன்று. முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம். கிருமி சாகவும் அந்த நேரம் வேண்டும்; ரத்தக்குழாயைச் சுடும் மின்கருவியின் பொறி ஈர ஆல்கஹாலில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதாலும் வேண்டும். எல்லோரும் கையுறையோடு காத்து நிற்கும் தியேட்டரில் 3 நிமிடம் நீண்ட நேரம்.

இவ்வளவையும் படித்தபின், பருக் களிம்பு தோள் தொற்றைத் தடுத்துவிடும் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். மேலே சொன்ன களிம்பு ஆய்வுகள் எண்ணியது கிருமிகளை. தொற்று வந்த நோயாளிகளை எண்ணவில்லை. சிகாகோ ஆய்வில் கலந்துகொண்ட 150 பேரில், தோலில் கிருமி மிஞ்சியிருந்தவர்கள் உட்பட, குறைந்தது 10 மாதம் கவனித்தவரை ஒருவருக்கும் தொற்று வரவில்லை. திறந்த மூட்டுக்குள் நான்கைந்து கிருமி விழுவதும், அது ஊன்றி நோயாவதும் வேறு வேறு. பெரும்பாலோரின் உடல் அவற்றைச் சத்தமில்லாமல் ஒழித்துவிடுகிறது.

களிம்பு தொற்றையே குறைக்கிறது என்று நிரூபிக்க என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு ஒருவருக்கு வரும் தொற்று இருநூறுக்கு ஒருவர் என்று பாதியாகக் குறைவதாக வைத்துக்கொள்வோம். அது தற்செயல் அல்ல என்று புள்ளியியல் ஒப்புக்கொள்ள, பூசியவர், பூசாதவர் என்று இரு பக்கமும் சேர்த்து 9,000 பேருக்கு மேல் வேண்டியிருக்கும். அத்தனை பேரையும் வருடக்கணக்கில் விடாமல் கவனிக்கவும் வேண்டும், ஏனென்றால் ஆக்னஸ் வருவதே மெதுவாகத்தான். 50 பேர், 100 பேர் என்று நடக்கும் ஆய்வுகளுக்கு அந்தக் கேள்வி எட்டாத உயரம்.

எண்ணுவதிலேயும் தகராறு இருக்கிறது. சாதாரணமாக ஆய்வுக்கூடத்தில் கல்ச்சர் தட்டை 5 நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்று எழுதித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். மந்தமாக வளரும் ஆக்னஸ் பல சமயம் ஒரு வாரம் தாண்டித்தான் புள்ளியாகத் தெரியும். அதனால் தோளிலிருந்து வந்த மாதிரியை 14 நாள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் 13ஆம் நாள் ஒரே ஒரு தட்டில் ஒரே ஒரு புள்ளி வந்தால்? அது நோயாளியின் மூட்டுக்குள் இருந்ததா, எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டியதா? ஒரே ஆபரேஷனில் நாலைந்து இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, எத்தனையில் வளர்கிறது என்று பார்ப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

இருந்தும் பல மருத்துவர்கள் சீட்டில் ஜெல்லை எழுதிக்கொடுக்கிறார்கள். ஆதாரம் முழுமையாகும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு ட்யூபின் விலையும் லேசான தோல் எரிச்சலும் ஒரு பக்கம், மூட்டைக் கழற்றி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து மறுபடி பொருத்தும் பாடு இன்னொரு பக்கம் என்றால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது.

சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபின் வரும் சிக்கல்கள் வேறு. தோள் வலி என்றுதான் ஆபரேஷனுக்கே போகிறார். அந்தக் கையைத் தூக்கி அக்குளில் பூசுவதே பெரும்பாடு. மறுகை முன்பக்கத்துக்கும் தோளின் உச்சிக்கும் எட்டும், தோளின் பின்புறத்துக்கு எட்டாது. ஆகவே மனைவியோ மகனோ கையைக் கழுவிக்கொண்டு வந்து, கழுத்தின் அடியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை, பின்பக்கம் தோள்பட்டை எலும்பு முடியும் இடம் வரை மெல்லியதாகத் தேய்த்துவிடவேண்டும். காய்ந்தபின்தான் சட்டை. மாவை வெளுத்த அதே வேலையைப் பென்சாயில் பெராக்சைடு துணியிலும் காட்டும் என்பதால், அந்த மூன்று நாளும் பழைய வெள்ளைப் பனியனும் வெள்ளைத் துண்டும் போதும். நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தால், காலையில் தோள் இருந்த இடத்தில் மட்டும் ஆரஞ்சாக ஒரு திட்டு விழுந்திருக்கும்.